எலக்ட்ரான் ஏன் கருவில் விழுவதில்லை? புரோட்டான்கள் ஏன் சிதறிப்போவதில்லை?

கேள்வி இது: “பாடப் புத்தகங்களில் நடுவே ஓர் உருண்டை, சுற்றிலும் வட்டப் பாதைகளில் எலக்ட்ரான்கள் என்று அணுவை வரைகிறார்கள். எதிரெதிர் மின்னூட்டங்கள் ஈர்க்கும் என்றால் எலக்ட்ரான் ஏன் கருவில் போய் ஒட்டிக்கொள்வதில்லை? ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் என்றால் இத்தனை புரோட்டான்கள் எப்படி ஒரே கருவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன? மின்னூட்டமே இல்லாத நியூட்ரானுக்கு அங்கே என்ன வேலை?”

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இந்த மூன்று கேள்விகளும் எழவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். இயற்பியலாளர்களே இவற்றில் முட்டிக்கொண்டு நின்றவர்கள்தாம். முதல் கேள்விக்குத் திருப்தியான விடை 1920களின் நடுவில்தான் கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் 1930கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடிப்படைக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அணுவில் மூன்று வகைத் துகள்கள். புரோட்டானுக்கு நேர் மின்னூட்டம்; எலக்ட்ரானுக்கு அதே அளவு எதிர் மின்னூட்டம்; நியூட்ரானுக்கு எதுவும் இல்லை. புரோட்டான் எலக்ட்ரானைப் போல சுமார் 1836 மடங்கு நிறை கொண்டது, நியூட்ரான் புரோட்டானைவிட ஒரு துளி கூடுதல். அதனால் அணுவின் நிறையில் 99.9 விழுக்காட்டுக்கும் மேல் கருவிலேயே இருக்கிறது. புரோட்டான்களின் எண்ணிக்கை அணு எண். அதுதான் தனிமத்தின் அடையாளம். ஆறு புரோட்டான் இருந்தால் கார்பன், ஏழு இருந்தால் நைட்ரஜன். புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்து எண்ணினால் நிறை எண். புரோட்டான் எண்ணிக்கை மாறாமல் நியூட்ரான் மட்டும் கூடிக் குறைந்தால் அவை ஐசோடோப்புகள்: கார்பன்-12இல் ஆறு நியூட்ரான், கார்பன்-14இல் எட்டு.

நடுவில் ஒரு கரு இருக்கிறது என்பதே எப்படித் தெரிந்தது? எலக்ட்ரானை 1897இல் ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்த பிறகு, நேர் மின்னூட்டம் அணு முழுவதும் பரவிக் கிடக்கிறது, அதில் எலக்ட்ரான்கள் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன என்றுதான் பலரும் எண்ணினார்கள். 1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் மேற்பார்வையில் கைகரும் மார்ஸ்டனும் தங்கம் முதலிய மெல்லிய உலோகத் தகடுகளின் மேல் ஆல்ஃபா துகள்களை (கதிரியக்கத்தில் வெளிவரும், நேர் மின்னூட்டமுள்ள துகள்கள்) ஏவிப் பார்த்தார்கள். இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் மின்னும் ஒவ்வொரு பொட்டையும் கண்ணால் பார்த்து எண்ண வேண்டிய வேலை அது. பெரும்பாலானவை நேரே ஊடுருவிப் போயின. ஆனால் ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒன்று வந்த வழியே திரும்பியது. பரவிக் கிடக்கும் மின்னூட்டத்தால் அப்படித் திருப்பி அனுப்ப முடியாது. அணுவின் நேர் மின்னூட்டம் முழுவதும் ஒரு மிகச் சிறிய இடத்தில் குவிந்திருந்தால்தான் அது நடக்கும் என்று ரூதர்ஃபோர்டு 1911இல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

இந்தச் சோதனையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. திரும்பி வந்த ஆல்ஃபா துகள்கள் தங்க அணுவின் கருவில் மோதித் திரும்பியவை அல்ல. அந்த ஆற்றலுள்ள ஆல்ஃபா, தங்கக் கருவை நேருக்கு நேர் நெருங்கினாலும் மையத்திலிருந்து சுமார் 30 ஃபெர்மி தொலைவில் மின்விலக்கத்தால் நின்றுவிடும். (ஒரு ஃபெர்மி என்பது ஒரு மில்லிமீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கருவை அளக்க இந்த அலகுதான் வசதி.) தங்கக் கருவின் ஆரமோ சுமார் 7 ஃபெர்மி. தொடாமலேயே தெரிந்துகொண்ட கரு அது. அந்தச் சின்னக் கருவுக்குள் 79 புரோட்டான்கள் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

அளவுகளின் விகிதம் மனதில் பதிய ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். அதன் கரு ஒரே ஒரு புரோட்டான், ஆரம் 0.84 ஃபெர்மி. எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு மிகுந்த தொலைவு சுமார் 53,000 ஃபெர்மி. கருவை ஒரு சென்டிமீட்டர் கோலிக்குண்டாக வைத்தால் அணுவின் குறுக்களவு அறுநூறு மீட்டரைத் தாண்டிவிடும்.

இப்போது முதல் கேள்வி. ரூதர்ஃபோர்டின் மாதிரி வந்த நாளிலிருந்தே இது உறுத்திக்கொண்டிருந்தது. சுற்றிவருவதால் விழாது, கோள்கள் சூரியனில் விழாதது போல என்று சிலர் சொல்வார்கள். அது சரியான விடை ஆகாது. வட்டமாகச் சுற்றும் மின்னூட்டம் முடுக்கம் பெறுகிறது. முடுக்கம் பெறும் மின்னூட்டம் மின்காந்த அலையாக ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும். பழைய இயற்பியலின்படி கணக்கிட்டால் ஹைட்ரஜனின் எலக்ட்ரான் சுருள் சுருளாகச் சுழன்று, ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் கருவில் போய் விழுந்திருக்க வேண்டும். 1913இல் நீல்ஸ் போர், சில குறிப்பிட்ட பாதைகளில் மட்டும் எலக்ட்ரான் ஆற்றலை இழக்காது என்று ஒரு விதியை வைத்தார். ஹைட்ரஜன் உமிழும் ஒளியின் குறிப்பிட்ட நிறங்கள், அதாவது அதன் நிறமாலைக் கோடுகள், அச்சு அசலாகக் கணக்கில் வந்தன. ஆனால் ஏன் இழக்காது என்பதற்கு அவரிடம் காரணம் இல்லை. புத்தகங்களில் இன்றும் நாம் பார்க்கும் வட்டப் பாதைகள் அந்தக் காலத்தின் எச்சம்.

காரணம் குவாண்டம் இயக்கவியலோடு வந்தது. எலக்ட்ரானைச் சின்னஞ்சிறு உருண்டையாக நினைப்பதை முதலில் விட்டுவிட வேண்டும். அதற்கு அலைத்தன்மை உண்டு. ஓர் அலையைச் சிறிய இடத்துக்குள் அடைக்க அடைக்க அதன் உந்தம் கூடும், உந்தம் கூடினால் இயக்க ஆற்றலும் கூடும். ஹைசன்பர்க் 1927இல் சொன்ன நிச்சயமின்மைக் கொள்கையின் விளைவு இது. எலக்ட்ரான் இருக்கும் இடத்தின் ஆரத்தைப் பாதியாகக் குறைத்தால், கருவின் ஈர்ப்பால் கிடைக்கும் ஆதாயம் இரண்டு மடங்காகிறது. அடைபடுவதற்குச் செலுத்த வேண்டிய இயக்க ஆற்றலோ நான்கு மடங்காகிறது. ஓரளவுவரை நெருங்குவது லாபம். அதற்கு மேல் நெருங்கினால் நட்டம். லாபமும் நட்டமும் சமன்படும் இடம்தான் அந்த 53,000 ஃபெர்மி. அணுவுக்கு ஓர் அளவு இருப்பதே இந்தச் சமனால்தான். அதைவிடக் கீழான ஆற்றல் நிலை கிடையாது என்பதால், இழப்பதற்கும் எலக்ட்ரானிடம் ஆற்றல் எதுவும் மிச்சமில்லை.

கருவுக்குள்ளேயே அடைத்துவிட முயன்றால் என்ன ஆகும்? ஒரு ஃபெர்மி இடத்துக்குள் எலக்ட்ரானை நிறுத்த சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் தேவை. (ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்.) அந்தத் தொலைவில் ஒரு புரோட்டானின் ஈர்ப்பு தருவது 1.44 மில்லியன்தான். கட்டுப்படியாகவே ஆகாத வியாபாரம்.

நடுவில் ஒரு பேச்சு. ‘அணுவில் 99.99 விழுக்காடு வெற்றிடம்’ என்று சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. எலக்ட்ரான் உருண்டையாக இருந்தால்தான் மீதி இடம் வெறுமை. உண்மையில் அதன் அலை அந்த இடம் முழுவதும் பரவியிருக்கிறது. மேசையின் மேல் கை வைத்தால் உள்ளே போகாமல் நிற்பதும் இதனால்தான்: இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பவுலியின் விலக்கல் விதி, ஓர் அணுவின் எலக்ட்ரான் மேகத்துக்குள் இன்னொன்றின் மேகத்தை எளிதில் நுழைய விடுவதில்லை. ஆர்பிட்டல்கள் எனப்படும் எலக்ட்ரான் நிலைகள் அடுக்கடுக்காக நிரம்புவதும், தனிம அட்டவணைக்கு அந்த வடிவம் வந்ததும் அதே விதியால்தான். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

கருவுக்குள் போவோம். மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குவதே எளிது, ஏனென்றால் நியூட்ரான் இல்லாமலேயே கருவை விளக்கப் பல ஆண்டுகள் முயன்றார்கள். ஹீலியத்தின் மின்னூட்டம் 2, நிறையோ ஏறக்குறைய 4 புரோட்டான்களுடையது. அப்படியென்றால் கருவில் 4 புரோட்டான்களும், கூடவே 2 எலக்ட்ரான்களும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கதிரியக்கத்தில் சில கருக்கள் எலக்ட்ரானை வெளியே தள்ளுகின்றன, ஆகவே அது உள்ளேதானே இருந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எலக்ட்ரானைக் கருவுக்குள் அடைக்க ஆகும் செலவை மேலே பார்த்தோம். அது போதாதென்று நைட்ரஜனும் காலை வாரியது. இந்த முறையில் நைட்ரஜன்-14இன் கருவில் 14 புரோட்டான், 7 எலக்ட்ரான், ஆக 21 துகள்கள். ஒவ்வொன்றின் தற்சுழற்சியும் (ஸ்பின் என்ற குவாண்டம் பண்பு) அரை அலகு என்பதால் மொத்தம் அரை எண்ணாக வர வேண்டும். 1920களின் இறுதியில் நைட்ரஜன் மூலக்கூறின் நிறமாலையை ஆராய்ந்தபோது முழு எண் என்று தெரிந்தது. 7 புரோட்டானும் 7 நியூட்ரானும் என்றால் 14 துகள்கள், முழு எண் தானாக வந்துவிடுகிறது.

1932இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் அந்தத் துகளைப் பிடித்தார். பெரிலியத்தை ஆல்ஃபா துகள்களால் தாக்கினால், கனமான தடுப்பையும் ஊடுருவிச் செல்லும் மின்னூட்டமற்ற ஏதோ ஒன்று வெளிவருவது அதற்கு முன்பே தெரியும். அது மெழுகின் மேல் பட்டால் புரோட்டான்கள் தெறித்தன. காமா கதிராக இருக்கும் என்றார்கள். காமாவால் அத்தனை வேகத்தில் புரோட்டானைத் தள்ள வேண்டுமென்றால் அதற்கு 50 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் வேண்டும். பெரிலிய வினையில் அத்தனை ஆற்றல் கிடைக்க வழியே இல்லை. புரோட்டானோடு ஒத்த நிறையுள்ள துகள் வந்து மோதுகிறது என்று வைத்தால் கணக்கு சரியாக வந்தது. கேரம் காய் இன்னொரு காயை அடிப்பது மாதிரி.

துகள்கள் கிடைத்துவிட்டன. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது? 2 ஃபெர்மி இடைவெளியில் இருக்கும் இரண்டு புரோட்டான்களுக்கு நடுவே மின்விலக்கம் எவ்வளவு என்று கூலும் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 58 நியூட்டன். கிட்டத்தட்ட ஆறு கிலோ எடையைக் கையில் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசை, நினைத்துப் பார்க்க முடியாத அளவு சிறிய இரண்டு துகள்களுக்கு நடுவே! நிறையீர்ப்பு இங்கே கணக்கிலேயே வராது. அது மின்விசையைவிட பத்தின் 36ஆம் அடுக்கு மடங்கு சிறியது. ஆகவே மூன்றாவதாக ஒரு விசை இருந்தே ஆக வேண்டும். அணுக்கரு விசை என்று அதைச் சொல்கிறோம். புரோட்டானுக்கும் புரோட்டானுக்கும், புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும், நியூட்ரானுக்கும் நியூட்ரானுக்கும் அது ஏறக்குறைய ஒரேபோல வேலை செய்கிறது. ஒன்றிரண்டு ஃபெர்மி தொலைவில் மின்விலக்கத்தைப் பல மடங்கு மிஞ்சும் ஈர்ப்பு. சில ஃபெர்மிகளைத் தாண்டினால் இல்லாமலே போய்விடும். அரை ஃபெர்மி அளவுக்கு நெருங்கினாலோ அதுவே விலக்கமாக மாறித் தடுக்கிறது. இவ்வளவு குறுகிய வீச்சு இருக்க வேண்டுமென்றால் நிறையுள்ள ஒரு துகள் இந்த விசையைச் சுமந்து செல்ல வேண்டும் என்று ஹிடெகி யுகாவா 1935இல் முன்னறிவித்தார். பையான் என்ற அந்தத் துகள் 1947இல் காஸ்மிக் கதிர்களில் அகப்பட்டது.

குறுகிய வீச்சு என்ற அந்த ஒரு பண்பைப் பிடித்துக்கொண்டால் கருவைப் பற்றிய பாதி விஷயங்கள் தாமாகவே அவிழும். கருவில் உள்ள ஒவ்வொரு துகளும் தன்னை ஒட்டி நிற்கும் சிலரோடு மட்டும்தான் கைகோக்கிறது. மறுகோடியில் இருப்பவரை அதற்குத் தெரியாது. அதனால் துகள்கள் கூடக்கூடக் கரு பெரிதாகிறதே ஒழிய அடர்த்தி கூடுவதில்லை, ஒரு திரவத் துளி போல. எல்லாக் கருக்களின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே: அந்தப் பொருள் ஒரு கன சென்டிமீட்டர் இருந்தால் 23 கோடி டன் எடை இருக்கும்.

மின்விலக்கம் அப்படி இல்லை. அதன் வீச்சுக்கு எல்லை கிடையாது, ஒவ்வொரு புரோட்டானும் மற்ற எல்லாப் புரோட்டான்களையும் தள்ளுகிறது. ஹீலியத்தில் ஒன்றையொன்று தள்ளும் இணை ஒன்றே ஒன்று. இரும்பில் 325. யுரேனியத்தில் 4186. ஈர்ப்பு ஆள் கணக்கில் கூடுகிறது, விலக்கம் இணைக் கணக்கில் கூடுகிறது. சிறிய கருவில் ஈர்ப்பு எளிதாக ஜெயிக்கும். பெரிய கருவில் விலக்கத்தின் கை ஓங்கிக்கொண்டே போகும்.

நியூட்ரானின் வேலை இங்கேதான். அது ஈர்ப்பில் முழுப் பங்கு எடுத்துக்கொள்கிறது, விலக்கத்தில் எதையும் சேர்ப்பதில்லை. புரோட்டான்களுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டுகிறது. சிறிய கருக்களில் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி இருந்தால் போதும். அப்படிச் சரிபாதியாக இருந்து நிலைத்து நிற்கும் கருக்களில் மிகக் கனமானது கால்சியம்-40. அதற்கு மேல் நியூட்ரானின் பங்கு கூடிக்கொண்டே போகிறது: ஈயம்-208இல் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான், யுரேனியம்-238இல் 92க்கு 146.

அப்படியானால் நியூட்ரான்களாலேயே ஒரு கருவைக் கட்டிவிடலாமே என்று தோன்றும். முடியாது. பவுலியின் விதி இங்கேயும் குறுக்கே நிற்கிறது. நியூட்ரான்கள் தங்களுக்கென்று உள்ள ஆற்றல் மட்டங்களைக் கீழிருந்து மேலாக நிரப்பும். புரோட்டான்களுக்குத் தனி வரிசை உண்டு. நியூட்ரான் மிகுந்துவிட்டால் புதிதாக வருபவை உயரமான மட்டத்தில்தான் உட்கார வேண்டும். பக்கத்துப் புரோட்டான் வரிசையில் தாழ்ந்த இடம் காலியாக இருக்கிறது. நியூட்ரான் தன்னைப் புரோட்டானாக மாற்றிக்கொண்டு அங்கே இறங்கிவிடுகிறது. மாறும்போது ஓர் எலக்ட்ரானையும் எதிர்நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற மிக இலேசான துகளையும் வெளியேற்றுகிறது. பீட்டா சிதைவு என்பது இதுதான். கருவிலிருந்து வெளிவந்த எலக்ட்ரான் உள்ளே பதுங்கியிருந்தது அல்ல, அந்தக் கணத்தில் உண்டானது. தனியே விடப்பட்ட நியூட்ரானும் சராசரியாக 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் இப்படிச் சிதைந்துவிடும். ஹீலியம்-4இன் கருவுக்குள் இருக்கும் நியூட்ரானோ சிதைவதே இல்லை. அங்கே அது புரோட்டானாக மாறினால் மூன்று புரோட்டானும் ஒரு நியூட்ரானும் கொண்ட, ஒட்டி நிற்காத ஒரு கூட்டம்தான் மிஞ்சும். அதற்கான ஆற்றலை அதனால் எங்கிருந்தும் திரட்ட முடியாது.

பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதைத் தராசிலேயே பார்க்கலாம். இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் ஆகியவற்றின் நிறைகளைத் தனித்தனியே கூட்டினால் வருவதைவிட ஹீலியம் கருவின் நிறை சுமார் 0.75 விழுக்காடு குறைவு. காணாமல்போன நிறை, கரு உருவானபோது ஆற்றலாக வெளியேறிவிட்டது: 28.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். கரி எரியும்போது ஒரு கார்பன் அணுவுக்குக் கிடைப்பது சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஒரு துகளுக்கு எவ்வளவு பிணைப்பு ஆற்றல் என்று பார்த்தால் இரும்பு, நிக்கல் பக்கம் உச்சம், ஏறத்தாழ 8.8 மில்லியன். அவற்றைவிட இலேசான கருக்கள் இணைந்தால் ஆற்றல் வெளிவரும், கனமான கருக்கள் பிளந்தால் ஆற்றல் வெளிவரும்.

பிளவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1938 இறுதியில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான்களால் தாக்கிய யுரேனியத்தில், அதைவிட மிக இலேசான தனிமமான பேரியத்தைக் கண்டார்கள். யுரேனியக் கரு ஒரு திரவத் துளி போல இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று லீஸ மைட்னரும் ஃபிரிஷும் விளக்கினார்கள். ஒரு பிளவுக்கு சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். இதை அணுக்கரு விசையின் ஆற்றல் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அதில் பெரும்பங்கு அந்த 4186 இணைகளின் மின்விலக்கத்திலிருந்து வருகிறது. துண்டுகள் இரண்டும் சற்றே விலகியதும் குறுகிய வீச்சுள்ள ஈர்ப்பு கைவிட்டுவிடும். அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த விலக்கம் அவற்றைத் தூக்கி எறியும். உங்கள் இரண்டாவது கேள்வி, புரோட்டான்கள் ஏன் சிதறுவதில்லை என்பது. மிகப் பெரிய கருக்களில் அவை சிதறத்தான் செய்கின்றன. ஈயத்துக்கு மேலே முற்றிலும் நிலையான கரு எதுவும் இல்லை. பிஸ்மத்-209 நிலையானது என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். 2003இல் அதுவும் சிதைவது தெரிந்தது, அரை ஆயுள் (பாதிக் கருக்கள் சிதைய ஆகும் காலம்) பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல்.

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்களால் ஆனவை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மேல் குவார்க்குக்கு மின்னூட்டம் மூன்றில் இரண்டு, கீழ் குவார்க்குக்கு எதிர் மூன்றில் ஒன்று. மேல், மேல், கீழ் சேர்ந்தால் புரோட்டான். மேல், கீழ், கீழ் சேர்ந்தால் நியூட்ரான். குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலிமையான விசையின் வெளிக்கசிவுதான் நாம் மேலே பார்த்த அணுக்கரு விசை.

இனி முதல் கேள்விக்கே ஒரு திருத்தம். எலக்ட்ரான் கருவில் விழுவதில்லை என்றேன். அதன் அலை கருவையும் ஊடுருவித்தான் பரவியிருக்கிறது; எலக்ட்ரானைக் கருவுக்குள் காணும் வாய்ப்பு மிகச் சிறியது, ஆனால் சுழியம் அல்ல. பெரும்பாலான அணுக்களில் இதனால் ஒன்றும் நேர்வதில்லை. பெரிலியம்-7 போன்ற சில கருக்களில் நேர்கிறது. நான்கு புரோட்டானும் மூன்று நியூட்ரானும் கொண்ட அந்தக் கரு, தன் எலக்ட்ரான் ஒன்றை விழுங்கி, ஒரு புரோட்டானை நியூட்ரானாக மாற்றிக்கொண்டு லித்தியம்-7 ஆகிவிடுகிறது. அரை ஆயுள் சுமார் 53 நாள். பெரிலியம் எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எலக்ட்ரான் மேகத்தின் வடிவம் மாறுவதால், இந்த அரை ஆயுளும் சிறிதளவு மாறுகிறது. எலக்ட்ரான்கள் எல்லாவற்றையும் உரித்தெடுத்துவிட்டால் விழுங்குவதற்கு எதுவும் இல்லை. அப்போது அந்தக் கரு சிதையாமல் அப்படியே இருக்கும்.